நீரில் இறங்கிய காயமுற்ற மானை மீட்டல்

வேட்டையில் குண்டோ அம்போ பட்ட மான் பல நேரங்களில் விழுந்த இடத்திலேயே சாவதில்லை. ஓடிப்போய் ஆறு, ஏரி, சதுப்பு என ஏதேனும் நீர்நிலையில் இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கிய மானைத் தேடிக் கண்டறிவது, உயிர் இருந்தால் அதன் வேதனையை விரைவில் முடிப்பது, உடலைக் கரைசேர்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்த மீட்பு வேலை. வட அமெரிக்காவில் வெள்ளைவால் மானும் ஐரோப்பாவில் செம்மான், ரோ மான் ஆகியவையும் சட்டப்படி வேட்டையாடப்படுகின்றன. இதற்கான முறைகள் பெரும்பாலும் அப்பகுதிகளில் உருவானவை. நிலத்தில் தேடுபவருக்கு வழிகாட்டும் இரத்தத் துளியும் குளம்புத் தடமும் நீர்விளிம்போடு நின்றுவிடுவதே இதிலுள்ள முதன்மைச் சிக்கல். மான் நீரில் இறங்குவதை ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த வாய்ப்பாக எண்ணினர். இன்று அது அவர்கள் தட்டிக்கழிக்க முடியாத பொறுப்பு.

மான் நீரை நாடும் காரணம்

துரத்தப்படும் மான் நீரில் இறங்குவது அதன் இயல்பான தற்காப்பு. மான்கள் நன்றாக நீந்தும். வெள்ளைவால் மான்கள் ஏரிகளையும் அகன்ற ஆறுகளையும் எளிதில் கடந்து தீவுகளுக்குப் போய்வருகின்றன. ஓநாயோ நாயோ பின்தொடரும்போது நீர் வாசனைத் தடத்தை அறுக்கிறது. நெடுங்கால் மான் நிற்கக்கூடிய ஆழத்தில் நாய் நீந்தித்தான் ஆகவேண்டும். தென்னிந்தியக் காடுகளில் செந்நாய்க் கூட்டம் விரட்டும் கடமான் குளத்திலோ ஆற்றிலோ இறங்கி நின்று, நெருங்கும் நாய்களை முன்னங்கால்களால் உதைத்து விரட்டுவதும் இதே உத்திதான்.

காயம் பட்ட மானுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரத்த இழப்பு தாகத்தைத் தூண்டும். வயிற்றில் அடிபட்ட மான் நீரோரப் புதரில் படுத்துக் கிடப்பதை வேட்டைக்காரர்கள் அடிக்கடி கண்டிருக்கிறார்கள். ஆனால் அடிபட்ட மான் எல்லாமே நீரைத் தேடித்தான் போகும் என்று அதை விதியாக்கிக்கொள்வது சரியன்று. நன்கு அறிந்த பாதைகளிலும் அடர்ந்த மறைவிடங்களிலும் ஓடி ஒளியும் மான்கள் பல. அருகில் நீர் இருப்பதாலேயே இரத்தத் தடத்தை விட்டுவிட்டு நேரே ஆற்றங்கரைக்கு ஓடுபவர் மானை இழக்கவும் கூடும்.

வரலாறு

இடைக்கால ஐரோப்பாவில் குதிரையும் நாய்க்கூட்டமும் கொண்டு செம்மானைக் களைப்புறும்வரை விரட்டுவது அரச குடியினரின் வேட்டை. களைத்த ஆண் மான் இறுதியில் ஆற்றில் இறங்கும்; நீரோட்டத்தோடு கீழே சென்று நாய்களைத் திசைதிருப்பப் பார்க்கும். பிரான்சின் ஃபுவா பகுதிப் பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் 1387-இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலும், யார்க் கோமகன் எட்வர்ட் அதைத் தழுவி 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அக்கால வேட்டை முறைகளை விரிவாகப் பேசுகின்றன. பிரெஞ்சு வேட்டை மரபில் மான் நீரில் இறங்கிவிட்டதை அறிவிப்பதற்கென்றே தனியான கொம்பிசை உண்டு. இங்கிலாந்தின் எக்ஸ்மோர் பகுதியில் விரட்டப்பட்ட மான்கள் கடலுக்குள்ளேயே நீந்திப் போவதும், அவற்றைப் பிடிக்கப் படகு புறப்படுவதும் நடந்திருக்கிறது. நாய்க்கூட்டம் வைத்து விரட்டும் அவ்வேட்டையை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

இலங்கையின் நுவரெலியாவில் 1840களின் இறுதி முதல் சில ஆண்டுகள் குடியிருந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், மலைநாட்டில் நாய்களை ஏவி மரைகளை வேட்டையாடியவர். இந்தியாவில் கடமான், மிளா என்றழைக்கப்படும் மானே இலங்கையில் மரை. ஓடையின் மடுவில் இறங்கி நாய்களை எதிர்த்து நிற்கும் மரையைக் கத்தியோடு நெருங்கிக் கொல்வதை அவர் தம் நூலில் விவரிக்கிறார். மான் தப்பிக்க இறங்கிய நீரே அதன் முடிவுக்கு இடமாயிற்று.

மானை நீருக்குள் விரட்டிக் கொல்வதை ஒரு தொழிலாகவே ஆக்கியது நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கு நகரத்திலிருந்து வந்த வேட்டை விருந்தினர் ஏரிக்கரையில் காத்திருப்பர். மலையில் அவிழ்த்துவிட்ட நாய்கள் மானை ஏரிக்குள் விரட்டும். வழிகாட்டி துடுப்பு வலித்து நீந்தும் மானை எட்டிப்பிடிப்பார். வாலைப் பிடித்து நிறுத்திய மானைச் சில அடி தூரத்திலிருந்து சுடுவதும், தடியால் அடித்துக் கொல்வதும் வழக்கமாயிருந்தன. ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1892-இல் தீட்டிய 'வேட்டைநாயும் வேட்டைக்காரனும்' இக்காட்சியைச் சார்ந்தது. படகில் குப்புறச் சாய்ந்த இளைஞன் ஒருவன் நீரிலுள்ள மானின் கொம்பைப் பற்றியிருக்கிறான்; நாய் நீந்தி வருகிறது. உயிருள்ள மானை அவன் மூழ்கடிக்கிறான் என்று பார்த்தவர்கள் அருவருத்தபோது, மான் ஏற்கெனவே இறந்துவிட்டது என்று ஹோமர் விளக்க வேண்டியிருந்தது. இந்த ஓவியம் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. நாய்களை ஏவி மானை நீருக்குள் விரட்டும் முறை மாநிலச் சட்டமன்றத்தில் திரும்பத் திரும்ப விவாதிக்கப்பட்டு, நூற்றாண்டு முடியும் வேளையில் தடைசெய்யப்பட்டது.

காயத்தைப் படித்தல்

மீட்பு வேலை நீரருகில் தொடங்குவதில்லை; மான் அடிபட்ட இடத்தில் தொடங்குகிறது. தரையில் கிடக்கும் இரத்தத்தின் நிறமும் உதிர்ந்த மயிரும் எந்த உறுப்பில் பட்டது என்பதைச் சொல்லும். நுரையீரலில் பட்டால் இரத்தம் வெளிர்சிவப்பாக, நுரைக் குமிழிகளோடு தெறித்திருக்கும். அந்த மான் பெரும்பாலும் சில நூறு அடிக்குள் விழுந்துவிடும். கல்லீரலில் பட்ட இரத்தம் கருஞ்சிவப்பு. குடலிலோ இரைப்பையிலோ பட்டால் இரத்தம் குறைவு. நீர்த்த கசிவோடு பச்சையும் பழுப்புமான தீவனத் துணுக்குகள் ஒட்டியிருக்கும், நாற்றமும் அடிக்கும். தசையில் மட்டும் பட்டிருந்தால் முதலில் பளிச்சென்று சிவந்து தெரியும் தடம் போகப்போக மெலிந்து மறைந்துவிடும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை இந்த அறிகுறிகளே தீர்மானிக்கின்றன. நுரையீரல் காயத்துக்கு அரைமணி நேரம் போதும். கல்லீரலில் பட்டால் மூன்று நான்கு மணி நேரமும், குடலில் பட்டால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேட்டைப் பயிற்சிகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குடலில் அடிபட்ட மான், விரட்டாவிட்டால் அருகிலேயே படுத்துவிடும். அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் எழுந்து ஓடும். நீரில் இறங்கும் மான்களில் பல இப்படிக் கிளப்பிவிடப்பட்டவையே. நீரைச் சுற்றி நடக்கும் தேடலில் ஒரு பகுதி, வேட்டைக்காரரின் பொறுமையின்மையால் வந்து சேரும் வேலை.

கரையோரத் தேடல்

தடம் நீரில் மறைந்ததும் கடைசி இரத்தத் துளி தெரிந்த இடத்தில் வண்ணநாடா கட்டி அடையாளம் வைப்பது முதல் வேலை. தேடல் எங்கு தடுமாறினாலும் திரும்பி வந்து தொடங்க ஓர் உறுதியான இடம் வேண்டும். அடுத்து எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஓடையானால் மான் நேராகக் கடந்திருக்கலாம், நீரோட்டத்தோடு இறங்கியிருக்கலாம், சற்றுத் தூரம் போய் இறங்கிய கரைக்கே திரும்பியும் இருக்கலாம். ஆகவே இரு கரைகளையும் மேலும் கீழுமாக நடந்து பார்த்தால்தான் தேடல் முழுமையாகும்.

நீரிலிருந்து ஏறிய மான் தடயம் விடாமல் போவதில்லை. உலர்ந்த பாறையில் தெறித்த ஈரம், கரைப்புல்லில் மடிந்த கோடு, ஏறிய மேட்டில் வழுக்கிய குளம்பின் ஆழமான கீறல், புதிதாகக் கலங்கிய சேறு ஆகியவை அதன் அடையாளங்கள். நீர் கழுவிவிட்டதால் ஏறிய இடத்தில் இரத்தம் தென்படாமல் போகும். சிறிது தூரம் நடந்து உடலிலிருந்து நீர் வடிந்த பின்பே மறுபடியும் சொட்டும். இரத்தம் இல்லை என்பதை வைத்து மான் அங்கு ஏறவில்லை என்று முடிவு கட்டுவது தேடுபவர்கள் செய்யும் பொதுவான பிழை.

ஏறிய தடம் எங்குமே இல்லையென்றால் மான் நீரிலேயே இருக்கிறது. உயிரோடிருந்தால் கோரைக்கும் நாணலுக்கும் இடையில், சாய்ந்த மரத்தின் வேர்களுக்குக் கீழே, மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய அசையாமல் நிற்கும். இறந்திருந்தால் பெரும்பாலும் மிதக்கும். மானின் குளிர்கால மயிர் ஒவ்வொன்றும் உள்ளே காற்றறைகள் கொண்டது. உடலைக் கதகதப்பாக வைத்திருக்கும் அதே காற்று மிதவையாகவும் உதவுகிறது. இந்த மயிர்ப்போர்வை இலையுதிர்கால வேட்டைப் பருவத்தில் முழுமையாக வளர்ந்திருக்கும். மெல்லிய கோடைக்கால மயிரோடு இறந்த மான் மூழ்கிப்போவதுண்டு. மிதக்கும் உடலை ஆற்றில் நீரோட்டமும் ஏரியில் காற்றும் தள்ளிக்கொண்டு போகும். எனவே ஆற்றின் வளைவுகளிலும் மரக்கட்டைகள் அடைந்த இடங்களிலும், ஏரியில் காற்று வீசிச்செல்லும் பக்கத்துக் கரையிலும் முதலில் தேடுவார்கள். நீருக்கு மேலே பழுப்பாகத் தெரியும் முதுகையோ வெளுத்த வயிற்றையோ கரை மேட்டிலிருந்து தொலைநோக்கியால் கண்டுபிடிப்பது எளிது.

மோப்ப நாய்கள்

காயமுற்ற விலங்கைத் தேட நாய்களைப் பழக்கும் மரபு ஜெர்மனியில் ஆழமாக வேரூன்றியது. ஹனோவர் குருதித்தட நாய், பவேரிய மலை மோப்ப நாய் ஆகிய இனங்கள் இந்த ஒரு வேலைக்காகவே வளர்க்கப்பட்டவை. ஹனோவர் நாய்களுக்கான ஹிர்ஷ்மன் சங்கம் 1894-இலும், பவேரிய நாய்களுக்கான சங்கம் 1912-இலும் தொடங்கின. நீண்ட வாரில் கட்டிய நாய் முன்னே போக, அதை நடத்துபவர் பின்தொடர்வார். நாய் பின்பற்றுவது இரத்தத்தை மட்டுமன்று. மானின் குளம்புப் பிளவுகளுக்கிடையே உள்ள சுரப்பிகள் விடும் மணத்தையும் அது பின்பற்றுகிறது; அம்மணம் ஒவ்வொரு மானுக்கும் தனித்தன்மை உடையது. அதனால்தான் இரத்தம் நின்ற பிறகும் பல மான்களின் தடங்களுக்கிடையில் அடிபட்டதைப் பிரித்தறிய நாயால் முடிகிறது.

அமெரிக்காவில் நாய்களால் மான் விரட்டப்பட்ட பழைய வரலாற்றின் விளைவாகப் பல மாநிலங்கள் மான் வேட்டையில் நாயை முற்றிலும் விலக்கிவைத்திருந்தன. நியூயார்க்கில் ஜான் ஜீன்னி என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1970களில் கம்பிமுடி டாக்ஸ்ஹண்ட் நாயைக் கொண்டு, மாநில அரசின் சிறப்பு அனுமதியோடு இந்தத் தேடல் முறையைச் சோதித்தார். அவருடைய முயற்சியையொட்டி வாரில் கட்டிய நாய்க்கு அங்கு உரிமம் வந்தது; பின்னர் வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

நீர்விளிம்பில் நாயைக் காற்று எதிர்ப்படும் திசையில் கரையோரமாக நடத்துவார்கள். இறந்த உடலின் மணம் நீர்ப்பரப்பிலிருந்து காற்றில் கலந்து வரும். ஆழமற்ற இடங்களில் அது தாவரத் தண்டுகளிலும் மிதக்கும் இலைகளிலும் தங்கும். நாய் ஓரிடத்தில் தலையைத் தூக்கி நீரை நோக்கி மோப்பம் பிடித்தால், படகோடு அங்கே போய்ப் பார்ப்பார்கள்.

நீரிலிருந்து கரைக்கு

மானைக் கண்ட உற்சாகத்தில் நீரில் குதிப்பதே இவ்வேலையில் மிகப்பெரிய ஆபத்து. வேட்டைப் பருவமான நவம்பரில் வட அமெரிக்காவின் வடபகுதி ஏரிகள் உறைநிலையை நெருங்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கு இங்கு பயன்படுகிறது. உறைநீரில் விழுந்தவர் முதல் 1 நிமிடத்தில் மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். கைகால் ஒழுங்காக இயங்க ஏறத்தாழ 10 நிமிடம் கிடைக்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். மிதவைச் சட்டை இல்லாதவருக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம் கிடைப்பதேயில்லை.

நீரில் உயிரோடுள்ள மானைப் படகில் நெருங்குவதும் ஆபத்து. அதன் கொம்பும் குளம்பும் சிறு படகைக் கவிழ்க்கப் போதும். துப்பாக்கியால் சுடுவதிலும் சிக்கல் உண்டு: தாழ்ந்த கோணத்தில் நீரில் பட்ட குண்டு எகிறித் திசைமாறி நெடுந்தூரம் போகும். இறந்த மானைப் படகுக்குள் தூக்கிப்போடாமல் கொம்பிலோ கழுத்திலோ கயிறு கட்டிப் பின்னால் இழுத்து வருவார்கள். மிதக்கும் மானின் எடை நீரில் தெரியாது. கரையேற்றும்போதுதான் ஊறிய மயிரின் பாரமும் சேர்ந்துகொள்ளும்.

இறைச்சியின் நிலை

நீரில் கிடந்த மான் உண்ணத் தகுந்ததா என்பது நேரம், வெப்பநிலை, காயம் பட்ட இடம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. குளிர்ந்த நீரில் கிடந்தால் போதும், இறைச்சி கெடாது என்று நம்பிவிட முடியாது. தடித்த மயிர் உடலின் உள்வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்வதால் வயிற்றுப் பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும். குடல் கிழிந்திருந்தால் அதன் கிருமிகளும், அம்பு நுழைந்த துளை வழியே புகுந்த அழுக்குநீரும் உட்குழியில் பரவும். எனவே கரைசேர்ந்த உடனே குடலை அகற்றி, உட்குழியைத் துடைத்து உலர்த்தி, காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டியெறிந்து, மீதியை 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்விப்பது முறை. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு கிடந்த மானை உண்ணாமல் விடுவதே பாதுகாப்பு.

சட்டப் பொறுப்பு

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நீந்தும் மானைச் சுடுவது குற்றம். சுட்ட விலங்கை மீட்க நியாயமான முயற்சி எடுக்காமல் விட்டுப்போவதையும் பல மாநிலங்கள் தண்டிக்கின்றன. எதிர்க்கரை பிறர் நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டியிருக்கும். அடிபட்டு நீரில் நிற்கும் மானுக்கு விதிவிலக்கு உண்டா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். இதனால் இத்தகைய நிலையில் வனவிலங்கு அலுவலரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது வழக்கம்.

ஐரோப்பிய விதிகள் பொறுப்பை இன்னும் வெளிப்படையாகச் சொல்கின்றன. ஜெர்மனியின் வேட்டைச் சட்டம், அடிபட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய வேதனையிலிருந்து காக்க உடனே கொன்றுவிட வேண்டும் என்கிறது. அது பக்கத்து வேட்டை எல்லைக்குள் போனால் பின்தொடர்வதற்கு எல்லைக்காரர்களிடையே ஒப்பந்தம் இருக்கும். சுவீடனில் மான் வேட்டையின்போது பழக்கிய தேடல் நாய், காயம் நேர்ந்த 2 மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துசேரும்படி முன்னேற்பாடு இருக்க வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடைசெய்கிறது. ஆகவே இங்கு நீரில் தத்தளிக்கும் மான் என்பது பெரும்பாலும் தெருநாய்கள் விரட்டி ஏரியிலோ கிணற்றிலோ விழுந்த புள்ளிமான்தான். அதை மீட்பது வனத்துறையும் தீயணைப்புத் துறையும். இறந்து கிடக்கும் காட்டு விலங்கு, சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. அப்படியொன்று தம் வசம் வந்தவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ அறிவித்து, கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும். தானே கரைசேர்த்த மானாக இருந்தாலும் அதன் இறைச்சிக்கும் கொம்புக்கும் உரிமை கோர முடியாது.