போலி வேறு, ஜெனரிக் வேறு

ஜெனரிக் மாத்திரையைப் போலி என்று ஒதுக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பிறர் பெயரை அச்சிட்டு விற்பதே போலி, அது மோசடி. ஜெனரிக் தன் தயாரிப்பாளர் பெயரிலேயே வரும்.

1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்கல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்கே காப்புரிமை தந்தது. எனவே அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் வேறு முறையில் தயாரித்தன. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவான எய்ட்ஸ் கூட்டுமருந்தை 2001-ல் சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது. இதைத் திருட்டு என்போர் ஆப்பிரிக்க நோயாளிகளிடம் கேட்கட்டும்!

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005-ல் மருந்துக்கும் காப்புரிமை வந்தது. ஆயினும், பலனைக் கூட்டாமல் பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதை 3(டி) பிரிவு தடுக்கிறது. கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்காக நோவார்டிஸ் செய்த மேல்முறையீட்டை 2013-ல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின்படியே தள்ளுபடி செய்தது.