தென்காசிக் கோபுரமும் செல்வர்தம் கொடையும்

முன்னுரை

கொடையைப் புகழ்தல் தமிழிலக்கிய மரபில் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. வள்ளலை நாடிச் செல்லும் வழியை ஆற்றுப்படை நூல்கள் பாடின. கொடுத்த பொருளையும் அளந்த நிலத்தையும் கல்வெட்டுகள் காலத்தை வென்று காத்தன. ஆயினும், அளவிறந்த செல்வம் உடையார் அதிலொரு பகுதியைப் பொதுப்பணிக்கு ஈயும்போது அச்செயல் புகழத்தக்கதுதானா, அன்றிச் சமுதாயத்திடமிருந்து பெற்றதைத் திருப்பித் தரும் கடமை மட்டும்தானா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்து நிற்கிறது. இவ்வினா புதியதன்று. தென்காசியும் குற்றாலமும் அடங்கிய சிற்றாற்றங்கரைப் பகுதியின் வரலாறு இதற்குப் பல காலங்களில் பல விடைகளைத் தந்துள்ளது. அவற்றைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய் அண்டிரன்: அறமும் வாணிகமும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரன் பொதியில் மலைநாட்டை ஆண்டவன். தென்காசியை அடுத்துள்ள ஆய்க்குடி அவன் பெயரால் அமைந்த ஊர் என்பர். அவனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், புறநானூற்றின் 134ஆம் பாட்டில் அவனது கொடையின் இயல்பை வரையறுக்கிறார். இப்பிறப்பில் ஈந்தால் மறுபிறப்பில் பயன் கிடைக்கும் எனக் கணக்கிட்டு அறத்தை விலைப்பொருளாக்கும் வணிகன் அல்லன் ஆய். சான்றோர் சென்ற நெறி இதுவென்று கருதியே அவன் கொடுத்தான் என்பது அப்பாட்டின் கருத்து.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆய் வணிகன் அல்லன் என்று புலவர் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. எனின், அறத்தை வாணிகமாகச் செய்தாரும் அக்காலத்தில் இருந்தனர் என்பது பெறப்படும். கொடையைப் புகழ்வதற்குமுன் அதன் உள்நோக்கத்தை ஆராயும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. புகழ் எல்லாக் கொடைக்கும் ஒருபடித்தாக உரியதன்று என்பதே முடமோசியார் காட்டும் முதல் அளவுகோல்.

பராக்கிரம பாண்டியன்: புகழை மறுத்த கொடையாளன்

பதினைந்தாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சி மதுரையை இழந்து தென்கோடியில் சுருங்கியிருந்தது. அந்நாளில் கி.பி. 1422 முதல் 1463 வரை ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன், வடகாசி செல்ல இயலாத தென்னாட்டு அடியார்க்கென 1446இல் தென்காசியில் விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கினான். இறைவன் கனவில் தோன்றி, எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே சென்று கோயிலுக்குரிய இடத்தைக் காணுமாறு பணித்தான் என்பது செவிவழிச் செய்தி. சில ஆண்டுகள் கழித்து அவன் தொடங்கிய இராசகோபுரத்தை அவனுடைய தம்பி குலசேகர பாண்டியன் நிறைவேற்றினான் என்பர்.

கோயிலைக் காட்டிலும் வியப்புக்குரியன அம்மன்னன் அங்குப் பொறித்துவைத்த செய்யுட்கள். பொதுவாக மெய்க்கீர்த்தி என்பது மன்னன் வென்ற நாடுகளையும் அவன்முன் தலைவணங்கிய வேந்தரையும் அடுக்கிச் சொல்வது. இவனுடைய செய்யுட்களோ இதற்கு நேர்மாறானவை. இக்கோயில் அமைந்தது தெய்வச் செயலாலேயன்றித் தன் செயலால் அன்று என்கிறான். இதனை மேலும் விரிவுசெய்து காப்பவர் எவராயினும் அவர்தம் அடியில் வீழ்ந்து ஏவல் செய்யவும் தான் ஒருப்படுவதாக உரைக்கிறான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறையேதும் நேருமாயின், அதனை நீக்கிப் புரப்பவரை உலகறியப் பணிவதாகவும் கூறுகிறான். இன்னும் பிறவாத, பெயரறியாத, எக்குலத்தார் எந்நாட்டார் என்று தெரியாத ஒருவர் முன்னே முடிமன்னன் ஒருவன் தலை தாழ்த்துகிறான்.

தன் செயல் அன்று என்று கூறும் செய்யுளிலும் தன் பெயரைப் பொறிக்க மன்னன் மறக்கவில்லையே என்று ஒருவர் வினவலாம். வினா நேர்மையானதே. புகழ்விருப்பம் முற்றும் அற்ற கொடை மனித இயல்பில் அரிது. ஆனால் அவன் தன் பெயரை எழுதியது வணங்கப்படும் இடத்தில் அன்று, வணங்கும் இடத்தில். கட்டுபவனைவிடக் காப்பவனே பெரியன் என்னும் இவ்வளவுகோல் இப்பகுதி தரும் இரண்டாவது விடையாகும்.

குறவஞ்சி மேடு: பாட்டும் பரிசிலும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். அந்நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் (1706–1732) அவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்றே வழங்கலாயிற்று.

பொருள் கொடுத்துப் புகழைப் பெறும் பண்டமாற்று என இதனைக் கருதுவார் உளர். ஆனால் குற்றாலக் குறவஞ்சியின் பாட்டுடைத் தலைவன் நாயக்க மன்னன் அல்லன், குற்றாலநாதனே. தஞ்சையில் எழுந்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சியோ சரபோசி மன்னரையே தலைவராகக் கொண்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தன்னைப் பாடாத நூலுக்கு நிலம் கொடுத்த மன்னனின் பெயரை இன்று அந்நூலே நினைவில் நிறுத்துகிறது. கேளாத இடத்தில் கிடைத்த புகழ் இது.

மறுபக்கம்

கொடையின் வரலாற்றைக் கொடுத்தவர் பக்கம் மட்டும் நின்று எழுதுதல் முறையாகாது. மன்னர் கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது? கோயிலுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்தில் அரசன் தனக்குரிய வரியையே விட்டுக்கொடுத்தான். உழுதவனோ அரண்மனைக்கு அளந்த நெல்லைக் கோயிலுக்கு அளந்தான். கொடையாளன் பெயர் கல்லில் நின்றது. வயலில் நின்றவன் பெயர் எங்கும் இல்லை.

அதனினும் கொடிது ஒன்றுண்டு. யாருடைய உழைப்பால் விளைந்த நெல்லால் கோயில்கள் நடந்தனவோ, அவர்களுள் பெரும்பகுதியார்க்கு அக்கோயில்களினுள்ளே இடமில்லாதிருந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939இல்தான். தென்காசிக் கோயில் தொடங்கப்பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிட்டால் இடைப்பட்டவை 493 ஆண்டுகள். பொதுவுக்கென்று கொடுத்தது உண்மையில் எத்தனை பேர்க்குப் பொதுவாயிற்று என்னும் வினாவை எந்தக் கொடையின் முன்னும் எழுப்பியே ஆகவேண்டும்.

மேலைநாட்டிலும் இவ்வினா எழாமல் இல்லை. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, செல்வத்தோடு சாவது இழிவு என்று 1889இல் எழுதினார். பின்னர் 2500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பொருளுதவினார். ஆனால் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892இல் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர் போராட்டம் இரத்தம் சிந்தி முடிந்தது. நூலகம் நன்றே, ஆயினும் அது கூலிக்கு ஈடாகாது என்று அன்றே குரல்கள் எழுந்தன. கொடை நீதிக்கு மாற்றாகாது. இது மூன்றாவது அளவுகோல்.

கொடையின் மறுவாழ்வு

கொடுத்தவர் காலத்தோடு கொடையின் கதை முடிவதில்லை. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைப் பெரிதும் கோயிற்பணிகளுக்கே எழுதிவைத்தார். நெடிய வழக்குகளுக்குப் பின் அதன் மிகுதிப் பொருளிலிருந்து 1842இல் பள்ளியும் பின்னர்க் கல்லூரியும் தோன்றின. அவர் கருதியதினும் அகன்ற பயனை அவர் கொடைக்குப் பின்வந்தோர் அளித்தனர்.

குற்றாலத்திலும் அத்தகையதொரு மாற்றம் நிகழ்ந்தது. குற்றாலநாதசுவாமி கோயிலின் ஆதரவில் 1964இல் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பெற்றது. விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் முன்னோர் கொடுத்துவைத்த கோயிலின் நிழலில், சுற்றுவட்டச் சிற்றூர்ப் பெண்கள் பட்டம் பெறலாயினர். பீடிச் சுற்றும் தாயரின் மகளிர்க்கும் வயல்வேலை செய்வோரின் மகளிர்க்கும் கல்லூரிப் படியேற வழி பிறந்தது. பழைய கொடையாளர் எவரும் இதனைக் கனவிலும் எண்ணியிரார். ஒரு காலத்தில் பலர்க்கு மூடியிருந்த செல்வம் இங்ஙனம் திறந்துகொண்டது.

தென்காசி இராசகோபுரமும் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ‘தினத்தந்தி’ அதிபர் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று திருப்பணி நிகழ்த்தியதன் பயனாக, ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்தில் புதிய கோபுரம் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. பெருஞ்செல்வர் ஒருவர் தலைமை ஏற்றார். சிற்பியரும் தொழிலாளரும் உழைத்தனர். பராக்கிரம பாண்டியன் எவர் அடியில் வீழ்வதாக எழுதிவைத்தானோ, அவர்கள் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தனர். மன்னனின் வணக்கம் பொருள் ஈந்தவர்க்கு மட்டும் உரியதன்று. காப்பவரை வணங்குவதாகவே அவன் கூறினான். எனவே கல் கொத்தியவர்க்கும் சாரம் கட்டியவர்க்கும் அதில் பங்குண்டு.

வள்ளல் ஆயின் பெயர் தாங்கிய ஆய்க்குடியிலேயே, கழுத்தின்கீழ் உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். மாற்றுத்திறனாளிகளுக்கு அது ஆற்றும் தொண்டுக்கெனப் பின்னர் 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. செல்வம் இல்லாதாரும் பெருங்கொடைக்கு ஊற்றாகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அங்குப் பலர் தந்த பொருளை ஒருவரின் மன உறுதி அறமாக்கியது.

முடிவுரை

பெருஞ்செல்வர் ஈகை புகழத்தக்கதா? கொடுத்த பொருளின் அளவை மட்டும் நோக்கி இதற்கு விடை கூற இயலாது. பிறனிடம் பறித்து ஈந்ததா, கைம்மாறு கருதி ஈந்ததா, சிலர்க்கு மட்டும் கதவு திறந்ததா என்பன யாவும் ஆராயத்தக்கன. எனினும், ஆராய்ச்சியின் பெயரால் நன்றி மறத்தலும் அறமாகாது. கோபுரமும் கல்லூரியும் கொடுத்தாரின்றி எழுந்திரா.

ஆகவே புகழ் என்பது கணக்கை முடித்துவைக்கும் பற்றுச்சீட்டாக அன்றி, கணக்கைத் தொடங்கிவைக்கும் முதல் வரியாக அமைதல் வேண்டும். கொடுத்தவரைப் புகழ்வோம், அப்பொருளை விளைத்தவரையும் உடன் எண்ணுவோம், அது யார் யாரைச் சென்றடைந்தது என்று கேட்போம், அதனைக் காத்து விரிவாக்குவோர்க்குப் புகழில் பெரும்பங்கு தருவோம். இம்முறையை நமக்குக் கற்பித்தவன் நாடிழந்த ஒரு பாண்டியன். நாட்டின் எல்லை சுருங்கிய காலத்தில் அவன் எழுதிய வணக்கம், தென்காசிக் கோயிலில் இன்றும் படிப்பாரை நோக்கிக் காத்திருக்கிறது.