நீலகிரி ஏறிய நட்டுகள்

நீலகிரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. இடையில் மூடுபனி வேறு. எஸ்டேட் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டியின் நட்டுகள் துருவேறி இறுகிவிட இந்த ஈரமே போதும். ஆனாலும் பழைய வண்டியில் பெரிய நட்டைக் கழற்றப் போய் அதன் மூலைகளை மழுக்கிவிடுபவர்கள், பல சமயம் தோற்பது துருவிடம் அல்ல, அளவிடம்.

இந்த அளவுச் சிக்கல் 1841-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மரைகளுக்கு 55 பாகைக் கோணத்தில் பொதுத்தரம் ஒன்றை வகுத்தார். கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பெனியின் தேயிலை ரோலர்கள், பெல்ஃபாஸ்ட் சிராக்கோ டிரையர்கள், பிறகு வந்த ஆஸ்டின் கார்கள் என்று பிரிட்டிஷ் இரும்பெல்லாம் அந்தக் கணக்கில் உருவானவை. ஃபாக்டரி ஸ்பேனரே துரையின் காருக்கும் உதவியது.

விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் கனம். அரை இஞ்ச், அதாவது பட்டறைக் கணக்கில் நாலு நூல், என்று போட்ட ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 23.4 மில்லிமீட்டர் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் அதே அரை இஞ்ச் ஸ்பேனருக்கு வாயே அரை இஞ்ச்தான், 12.7 மில்லிமீட்டர்.

1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 பாகைப் பொது மரைக்கு உடன்பட்டன. அம்பாசிடரின் பழைய எஞ்சின் இந்தப் புதிய இஞ்ச் கணக்கைச் சேர்ந்தது. 1990-களில் அதே வண்டிக்குள் ஜப்பானிய இசுசூ எஞ்சின் வந்தபோது மில்லிமீட்டர் நட்டுகளும் கூடவே வந்தன. ஒரே காருக்கு இரண்டு செட் ஸ்பேனர்!

அரை இஞ்ச் விட்வொர்த் நட்டில் 24 மில்லிமீட்டர் ஸ்பேனர் மாட்டத்தான் செய்யும். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் ஆபத்து. பலம் கொடுத்ததும் மூலை மழுங்கும். ஸ்லைடிங் ஸ்பேனரின் தாடையும் இப்படித்தான் நெகிழும். இறுகிய நட்டுக்கு அளவு தப்பாத ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர்தான் முதல் தேர்வு, அடுத்தது ரிங் ஸ்பேனர். மரையில் எண்ணெய் விட்டு ஊறவைத்தபின் கைப்பிடியில் பைப் மாட்டி நீளத்தை இரட்டிப்பாக்கினால் திருகுவிசையும் இரட்டிப்பாகும்.

பழைய வில்லிஸ் ஜீப்பில் இது மட்டும் போதாது. சக்கரச் சுழற்சியில் நட்டு தானாகக் கழலாதிருக்க, இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை வைத்தார்கள். விவரம் தெரியாதவர் வழக்கம்போல் இடப்பக்கம் திருகத் திருக நட்டு மேலும் இறுகும். பைப்பும் மாட்டியிருந்தால் ஸ்டட்டே முறியும். அந்த நட்டை வலப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும்.