தவணையில் வந்த கதைகள்

தமிழில் கதை படித்தல் என்பது நெடுங்காலம் செவியின் வேலையாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் பெருகிய பின்னரும், சென்னைக் குஜிலிக் கடைவீதியில் மலிவாக விற்ற ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களை, அதாவது எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கு ஏற்றவாறு பருத்த அச்சில் வந்த நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலியவற்றை, படிக்கத் தெரிந்த ஒருவர் இராகமிட்டு வாசிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தபோது, தனித்திருந்து மௌனமாகப் படிப்பதற்குரிய நீண்ட வசனக்கதை தமிழுக்குக் கிடைத்தது. ஆனால் அப்படிப் படிக்கும் பழக்கம் அந்த ஒரு நூலால் பரவிவிடவில்லை. அதைப் பரப்பியவை பத்திரிகைகள். எனவே தமிழர் பொழுதுபோக்காகக் கதை படித்த வரலாற்றை நூற்பட்டியல்களைக் காட்டிலும் தபால்காரர் வரும் நாளைக் கொண்டு எழுதுவதே பொருத்தமாகும்.

பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேகசிந்தாமணி என்னும் மாத இதழில் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே ஒரு திங்கள் கழிந்ததால், கதைமாந்தர் வாசகரின் வீட்டில் ஏறத்தாழ ஒரு விருந்தினரைப் போலத் தங்கியிருந்தனர் எனலாம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் கதைகளால் வாசகர் கூட்டத்தைப் பன்மடங்கு விரித்தனர்; இவற்றுள் பல, ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஜனரஞ்சக எழுத்தாளரைத் தழுவியவை. நாவல் படிப்பது பெண்களையும் இளைஞரையும் கெடுத்துவிடும் என்ற கண்டனம் வலுத்ததும் இக்காலத்தில்தான். அக்கண்டனத்துக்குத் தக்க மறுமொழி வாதத்தால் அன்றி ஒரு வாழ்க்கையால் கிடைத்தது: பள்ளிக்கூடம் செல்லாத வை. மு. கோதைநாயகி, தம் முதற்படைப்பைத் தாம் சொல்லச் சொல்லத் தோழியொருத்தியைக் கொண்டு எழுதுவித்து, பின்னர் தாமே எழுதக் கற்று, 1920களின் நடுவிலிருந்து ஜகன்மோகினி என்னும் மாத இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய பின்னர் வளர்ந்த வார இதழ்ப் பண்பாடு, ஒரு மாதக் காத்திருப்பை ஏழு நாளாகச் சுருக்கியது. கல்கி 1941இல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கி, பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகியவற்றை அதில் தொடராக எழுதினார். இத்தொடர்கள் ஒரு தனிப்பட்ட வழக்கத்துக்கு, இலக்கிய வரலாறுகள் போதிய இடம் தராத ஒரு வழக்கத்துக்கு, வழிவகுத்தன: இதழின் கம்பியைப் பிரித்து, தொடர்கதைத் தாள்களை மட்டும் கிழித்தெடுத்து, வார வரிசையில் அடுக்கி, முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு வைப்பது. அத்தகைய தொகுப்பொன்றைப் பிரித்தால், அத்தியாயத்தின் இறுதித் தாளின் பின்புறத்தில் பாதியில் அறுந்த சமையற்குறிப்போ தலைவலித் தைல விளம்பரமோ இருக்கும். ஓரத்தை வெட்டிய இயந்திரம் சில வரிகளின் கடைசி எழுத்தையும் கொண்டுபோயிருக்கும். யாரோ இரவல் வாங்கிச் சென்ற ஒரு வாரத்து இதழ் திரும்பாமற்போனதால் நடுவே ஓர் அத்தியாயம் இல்லாதிருப்பதும் உண்டு. அச்சகமோ பதிப்பாளரோ திட்டமிடாமல், வாசகரே உண்டாக்கிக்கொண்ட நூல்கள் இவை. வீடு வீடாகச் சுற்றிய இவையே பல ஊர்களில் நூலகத்தின் வேலையைச் செய்தன என்று கருத இடமுண்டு.

மாதக் கணக்கு வேறு வடிவில் மீண்டும் வந்தது. 1969இல் தொடங்கிய ராணி முத்து, மாதந்தோறும் ஒரு முழு நாவலை ஒரு ரூபாய்க்குத் தந்தது. பின்னர் மாலைமதியும், 1980களில் பாக்கெட் நாவல் போன்றவையும் அதே வழியில் வந்து, பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கின. இங்கே காத்திருப்பு கதைக்குள் இல்லை. ஒரு பேருந்துப் பயணத்தில் கதை முடிந்துவிடும், அடுத்த மாதம் வேறொரு கதை வரும். பக்க அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டதால் கதையின் அமைப்பே மாறிற்று: ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோல் தோன்றும் இரு நிகழ்ச்சிச் சரடுகளை அடுத்தடுத்த அத்தியாயங்களில் நடத்தி முடிவில் இணைக்கும் முறையை ராஜேஷ்குமார் தம் குற்றக் கதைகளில் நிலைபெறச் செய்தார். இவற்றைச் சாணித்தாள் இலக்கியம் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் நடையைப் பற்றிச் சொன்னதில் நியாயம் உண்டு. படிக்கும் பழக்கம் யாரால் நிலைத்தது என்பதைக் கணக்கில் கொள்ளாததில் இல்லை.

தவணையின் தடம் இன்றைய பதிப்புகளிலும் அழியவில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த பொன்னியின் செல்வனை ஐந்து பாகங்களாக வாங்கி ஒரே மாதத்தில் படித்து முடிப்பவர்கள், நடந்ததை ஆசிரியர் அடிக்கடி நினைவூட்டுவதையும், ஏறத்தாழ எல்லா அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் நிற்பதையும் சற்று மிகையென உணர்கின்றனர். முந்தைய வாரத்து இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்ட வாசகருக்கோ அந்த நினைவூட்டல் இன்றியமையாததாக இருந்தது.