எண்ணெயில் ஏறிய காரம்



புதுதில்லியின் லக்ஷ்மிபாய் நகரில் மாலைப்பொழுதில் நடந்து செல்வோருக்கு, ஒரு வீட்டிலிருந்து கடுகெண்ணெயின் நெடியும், அடுத்த வீட்டிலிருந்து நல்லெண்ணெயில் மிளகாய் வற்றல் தாளிக்கும் மணமும் வருதல் புதிதன்று. மத்திய அரசு அலுவலர்களுக்கென அமைந்த குடியிருப்பு அது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அங்கே உண்டு. தும்மலை வரவழைக்கும் அம்மணத்தை ‘நம் ஊர் மணம்’ என்று சொல்லிப் பெருமை கொள்கிறோம். அப்பெருமை முழுவதும் மெய்தானா?

எண்ணெயைப் பொறுத்தவரை மெய்யே. எள்ளின் நெய் என்பதே எண்ணெய் என்றாயிற்று. சிந்துவெளியின் ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருப்பதால், இந்நாட்டில் எள்ளின் தொன்மை நான்காயிரம் ஆண்டுகளைத் தாண்டுகிறது. அந்நாளில் காரத்திற்கு உதவியது மிளகு. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு கூறுகிறது.

மிளகாயோ, கடல் கடந்து வந்த விருந்து. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் அது பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராகி வந்தது. கொலம்பஸ் 1493இல் திரும்பியபோது அது ஐரோப்பாவை அடைந்தது. போர்ச்சுகீசியர் 1510இல் கோவாவைக் கைப்பற்றினர்; 16ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்கள் வழியே அது நம் நாட்டில் கால் வைத்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஆயினி அக்பரி அரண்மனை உணவுகளை விரித்துரைக்கிறது. அங்கே காரத்திற்கு மிளகையே காண்கிறோம்.

வந்த விருந்தினருக்குப் பெயரிட்ட வகை சுவையானது. மிளகுபோல் எரிப்பதால் நாம் ‘மிளகாய்’ என்றோம். கன்னடத்தார் ‘மெணசு’ என்ற மிளகின் பெயரிலிருந்து ‘மெணசினகாய்’ என்றனர். வடவர், மிளகைக் குறித்த ‘மிர்ச்’ என்னும் சொல்லையே இதற்கும் வழங்கி, பழையதைக் ‘காலி மிர்ச்’ என்று பிரித்தனர். நம் இல்லங்களிலும் ஒரு சான்று உண்டு. திவசச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை. அங்கே இன்றும் மிளகே ஆள்கிறது.

புதிய காய் பழைய எண்ணெயோடு இத்துணை விரைவில் உறவாடியது எங்ஙனம்? மிளகாயின் காரப்பொருளுக்கு 1876இல் ஆங்கில அறிஞர் திரெஷ் ‘கேப்சைசின்’ என்று பெயரிட்டார். அது நீரில் எளிதில் கரையாது. எண்ணெயில் நன்கு கரையும். செந்நிறம் தரும் பொருளும் அத்தகையதே. இட்லி மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயைத் தேடுவதும், சீனத்தின் செசுவான் மக்களும் இத்தாலியின் கலாப்ரியா மக்களும் காரஎண்ணெய் செய்வதும் இதனாலேயே.

இல்லத்தில் செய்ய விழைவோர், ஒரு கிண்ணம் நல்லெண்ணெய்க்குப் பத்து மிளகாய் வற்றலை வெயிலில் நன்கு உலர்த்திக் கிள்ளி வைத்துக்கொள்க. எண்ணெயைப் புகையுமுன் இறக்கிச் சற்றே ஆறவிட்டு, வற்றலை இடுக. மெல்லப் பொரிந்தால் நிறமும் மணமும் ஏறும், கருகினால் கசக்கும். ஆறியபின் வடித்து, ஈரமற்ற கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்துக.

ஓர் எச்சரிக்கை. பச்சை மிளகாயையும் பூண்டையும் எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைத்தல் தீது. காற்றுப்புகாத அவ்வெண்ணெய்க்குள், அவற்றின் ஈரத்தைப் பற்றி, பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் கொடிய நஞ்சை உண்டாக்கக் கூடும். அதனை மணத்தாலோ நிறத்தாலோ அறிய இயலாது. ஊறுகாயைக் காப்பவை உப்பும் புளிப்புமே. வெறும் எண்ணெய்க்கு அவ்வாற்றல் இல்லை.

வேற்று மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் கடுகெண்ணெய்ச் சுவையைப் பழகும்போது, ‘நம் உணவு போய்விடுமோ’ என்று சிலர் கவல்கின்றனர். தமிழகத்து அடுப்படியில் மிளகாயின் வயது ஐந்நூறு ஆண்டுகளுக்கும் குறைவே. அயலிலிருந்து வந்ததை எண்ணெயில் இட்டுத் தமதாக்கிக்கொண்ட பாட்டிமார்களின் வழியில் வந்தவர்கள் நாம். லக்ஷ்மிபாய் நகரின் அடுத்த வீட்டுக் குப்பியிலிருந்து ஒரு கரண்டி கடுகெண்ணெய் நம் வாணலியில் விழுந்தால், அவர்கள் அதிலும் வற்றலைக் கிள்ளிப் போட்டிருப்பார்கள்.