கனடாவின் எரித எதிர்ப்புச் சட்டமும் சிறுவணிகர்களும்

எரிதம் அல்லது ஸ்பேம் எனப்படும், கேளாமல் வந்து குவியும் விளம்பர மின்னஞ்சல்களைக் கட்டுப்படுத்தக் கனடா இயற்றிய சட்டம் 2010 டிசம்பர் 15 அன்று அரச ஒப்புதல் பெற்றது. 2014 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2004 இல் அமைக்கப்பட்ட அரசுப் பணிக்குழு ஒன்று மறு ஆண்டே இத்தகைய சட்டத்தைப் பரிந்துரைத்திருந்தது. சட்டத்தின் நீண்ட முழுப்பெயர், கனடியப் பொருளாதாரத்தின் திறனை மேம்படுத்துதல் என்று தொடங்குகிறது. பின்னாளில் சிறுவணிகர்கள் எழுப்பிய முறையீடுகளைப் படிப்போருக்கு இத்தொடக்கம் சற்று வேடிக்கையாகத் தோன்றும்.

அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெறுபவர் "வேண்டாம்" என்று சொல்லும்வரை விளம்பர மின்னஞ்சல் அனுப்பலாம். கனடா இதைத் தலைகீழாக்கியது. முதலில் இசைவு பெற வேண்டும்; இசைவு இருந்தது என மெய்ப்பிக்கும் பொறுப்பும் அனுப்பியவருடையதே. பொருள் வாங்கியவருக்கு 2 ஆண்டுகளும், விசாரித்தவருக்கு 6 மாதங்களும் வெளிப்படையான இசைவின்றி எழுதலாம். குளிர்காலக் காலணி விற்கும் சிறிய கடையொன்றை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலணி மாற்றும் வாடிக்கையாளர், அடுத்த காலணி வாங்கும் முன்பே அக்கடையின் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். இந்தத் தேதிகளையெல்லாம் ஆள்வாரியாகக் குறித்துவைக்கப் பெருநிறுவனத்திடம் மென்பொருளும் வழக்கறிஞரும் உண்டு. கடைக்காரரிடம் ஒரு குறிப்பேடுதான் இருக்கும்.

இசைவு கேட்டு அனுப்பும் மின்னஞ்சலும் வணிகச் செய்தியாகவே கருதப்பட்டது. ஆகவே நாள் நெருங்கிய 2014 சூனில் ஏராளமான நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இசைவு கேட்டு எழுதின. மின்னஞ்சலைக் குறைக்க வந்த சட்டம், மக்களின் அஞ்சற்பெட்டிகளை முதலில் நிரப்பியது. பழைய வாடிக்கையாளர்களுக்கு 2017 வரை இடைக்கால விலக்கு இருந்தும், பதில் எழுதாதவர்களின் முகவரிகளைப் பலர் அழித்துவிட்டனர். நிறுவனங்களுக்கு 1 கோடி டாலர் வரை, தனிநபர்களுக்கு 10 இலட்சம் டாலர் வரை தண்டம் என்றிருந்தபோது அந்த அச்சம் இயல்பானதே.

2015 மார்ச்சில் கியூபெக்கைச் சேர்ந்த கம்ப்யூஃபைண்டர் என்ற பயிற்சி நிறுவனத்துக்கு 11 இலட்சம் டாலர் தண்டம் அறிவிக்கப்பட்டது. இசைவின்றி அனுப்பியதோடு, விலகும் இணைப்பும் சில அஞ்சல்களில் ஒழுங்காக இயங்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அது அப்பாவி நிறுவனமன்று. ஆயினும் 2017 அக்டோபரில் தண்டம் 2 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதே எனக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. பெயரையும் முகவரியையும் மறைத்து வெளிநாட்டிலிருந்து அனுப்புவோரைவிட, இரண்டையும் வெளிப்படையாக இட்டு அனுப்புபவரைப் பிடிப்பது ஒழுங்காணையத்துக்கு எளிது.

நுகர்வோருக்குக் கிடைத்த நன்மை சிறிதன்று. விலக விரும்புவதாகத் தெரிவித்தால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேரடியாக வழக்குத் தொடுக்கும் உரிமை 2017 சூலையில் வரவிருந்தது; வணிக அமைப்புகளின் எதிர்ப்பை அடுத்து, சூனிலேயே அரசு அதைத் தள்ளிவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றக் குழு, சட்டத்தின் பல வரையறைகளைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று அறிக்கை அளித்தது.