எலும்புச் சாறும் ஏழையின் பசியும்

நோயுற்றோருக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் வீடுகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. கட்டிலருகே சிறியதொரு முக்காலி. அதன்மேல் தட்டு போட்டு மூடிய எவர்சில்வர் டம்ளர். உள்ளே மிளகும் சீரகமும் மணக்கும் ஆட்டுக்கால் சூப். சில மாதங்களுக்கு முன் அத்தகைய வீடொன்றில், படுத்திருந்த முதியவரின் மனைவி நம்மிடம் கேட்டார்: "சாமி, சோறு எறங்கல. நாலு நாளா இதத்தான் குடுக்குறோம். இதுல இருக்குற சத்து போதும்ல?" உடனடியாக விடை சொல்ல நம்மால் இயலவில்லை. "மருத்துவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

இந்த எளிய வினாவுக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டென்பதும், ஒரு நாட்டின் அறிவியல் கழகமே இதற்கு விடை காணப் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டதென்பதும் வாசகர்களில் பலருக்கு வியப்பளிக்கலாம். அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

எலும்பை உணவாக்கும் எண்ணம் 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679இல் இலண்டன் அரச கழகத்தார் முன்னிலையில் இறுக மூடிய பாத்திரம் ஒன்றைக் காட்டினார். நம் வீடுகளில் விசிலடிக்கும் பிரஷர் குக்கருக்கு அதுவே மூதாதை. வன்மையான எலும்பும் அதனுள் வெந்து மென்மையாகி, ஆறியபின் கூழ்போல் உறையும் சாற்றைத் தந்தது. அச்சாறே ஜெலட்டின். உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயிர்ப்பொருள். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். கொலாஜன் நீரில் வெந்து முறுக்கவிழ்ந்தால் ஜெலட்டின் ஆகிறது.

பிரெஞ்சுப் புரட்சியும் அதைத் தொடர்ந்த போர்களும் ஐரோப்பிய நகரங்களை ஏழைகளால் நிரப்பியிருந்த காலம் அது. மியூனிக் நகரில் ரம்ஃபோர்டு பிரபு 1790களில் பார்லியும் பட்டாணியும் சேர்த்துக் காய்ச்சிய மலிவான சூப்பை ஏழைகளுக்கு வழங்கிப் புகழ் பெற்றிருந்தார். பாரிசில் நாணயச் சாலையில் பணியாற்றிய வேதியியலார் தார்சே அதனினும் மலிவான வழியொன்றைத் தேடினார். கசாப்புக் கடைகளில் வீணாகும் எலும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணப்பகுதியைக் கரைத்து நீக்கினார். பின்னர் நீராவியைக் கொண்டும் சாறு பிழிந்தார். கிடைத்த ஜெலட்டினை இறைச்சிக்கு மாற்றாக மருத்துவமனைகளிலும் அன்னசாலைகளிலும் வழங்கலாம் என்றார். 1820களின் இறுதியில் பாரிசின் புனித லூயி மருத்துவமனையில் அவருடைய கருவி நிறுவப்பட்டது. நோயாளிகளுக்கு நாள்தோறும் எலும்புச் சாறு வழங்கலாயிற்று.

தார்சேயைப் பணம் பறிக்க வந்தவர் என்று எண்ணிவிடலாகாது. பசித்தவனுக்கு இறைச்சி வாங்கித்தர இயலாத சமுதாயத்தில், தூக்கியெறியப்படும் எலும்பிலிருந்தே இறைச்சியின் வலிமையை எடுத்துத் தர அவர் மெய்யாகவே விரும்பினார். அன்றைய அறிவியலும் அவர் பக்கமே நின்றது. உடலியல் வல்லுநர் மஜாந்தி 1816இல் நாய்களுக்குச் சர்க்கரையையும் வடித்த நீரையும் மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவை மெலிந்தன, கண்களில் புண் கண்டன, ஏறத்தாழ ஒரு மாதத்தில் மடிந்தன. எண்ணெயும் கோந்தும் வெண்ணெயும் அவ்வாறே கைவிட்டன. நைட்ரஜன் இல்லாத உணவு உயிரைக் காக்காது என்னும் முடிவு அதனால் வலுப்பெற்றது. அப்படியானால் நைட்ரஜன் மிகுந்த உணவு நல்லுணவு அன்றோ? ஜெலட்டினில் இறைச்சிப் புரதத்தைக் காட்டிலும் நைட்ரஜன் சற்று மிகுதியாகவே உள்ளது! கணக்கு அழகாகப் பொருந்தியது.

பொருந்தாதது நோயாளியின் நாக்கும் உடலும்தாம். அச்சாறு சுவையற்றது, விரைவில் கெட்டு நாறுகிறது என்று 1831இல் ஒத்தேல் தியே மருத்துவமனையின் மருத்துவர்களே குறை கூறினர். அல்ஃபிரட் தொன்னே என்னும் இளம் மருத்துவர் அதைத் தாமே சில நாட்கள் உண்டு பார்த்து, பசி தீராமல் எடை குறைந்ததாக அறிவித்தார். எதிர்ப்பு வலுக்கவே, அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைமை மஜாந்தியிடம் வந்தது. 1841இல் அறிக்கை வெளிவரப் பத்தாண்டுகள் கடந்தன. எலும்பு ஜெலட்டினை மட்டும் உண்ட நாய்கள் சில நாட்களில் அதை வெறுத்து ஒதுக்கின. வற்புறுத்தி ஊட்டினாலும் மெலிந்து மடிந்தன. ஆனால் கோதுமையைப் பிசைந்து கழுவி எடுக்கும் குளூட்டனைத் தனியே உண்ட நாய்கள் வாரக்கணக்கில் நலமாக வாழ்ந்தன. ஜெலட்டினில் இல்லாதது எது, குளூட்டனில் இருப்பது எது என்று குழுவினரால் சொல்ல முடியவில்லை. அறியாததை அறியோம் என்று ஒப்புக்கொண்டதே அவ்வறிக்கையின் சிறப்பு என்பது நம் கருத்து.

இதற்கிடையே, பாரிசின் ஆரவாரத்துக்கு எட்டாத நான்சி நகரில், தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த பிராக்கொன்னோ வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். மரத்தூளையும் கந்தைத் துணியையும் கந்தக அமிலத்தில் இட்டுச் சர்க்கரை எடுத்தவர் அவர். விலங்குப் பொருளிலும் அவ்வாறே சர்க்கரை கிடைக்குமா என்றறிய 1820இல் ஜெலட்டினை அமிலத்தில் காய்ச்சினார். இனிப்பான படிகங்கள் கிடைத்தன. 'ஜெலட்டின் சர்க்கரை' என்று அதற்குப் பெயரிட்டார். அது சர்க்கரையன்று, அதில் நைட்ரஜன் இருந்தது. இன்று அதனைக் கிளைசின் என்கிறோம். புரதம் ஒன்றை அமிலத்தால் சிதைத்துப் பெற்ற முதல் அமினோ அமிலம் இதுவே. அதே ஆண்டில் இறைச்சியிலிருந்தும் கம்பளியிலிருந்தும் வெண்ணிறமான இன்னொன்றை எடுத்து லியூசின் என்றார். சாறு பசியாற்றுமா என்று மருத்துவமனைகளில் வழக்காடிக்கொண்டிருந்த காலத்திலேயே, வழக்குக்குத் தீர்ப்பளிக்கும் சாட்சியின் முதல் எழுத்து நான்சியில் ஒரு கண்ணாடிக் குடுவையின் அடியில் படிந்து கிடந்தது. எவரும் அதைப் படிக்க அறியவில்லை.

புரதம் என்பதற்குரிய ஐரோப்பியச் சொல்லான 'புரோட்டீன்' 1838இல் சுவீடிய வேதியியலார் பெர்சிலியஸ், டச்சு நாட்டு முல்டருக்கு எழுதிய மடலில் பிறந்தது. கிரேக்க மொழியில் 'முதன்மையானது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். எல்லாப் புரதங்களும் அடிப்படையில் ஒன்றே என்பது முல்டரின் கொள்கை. அது நெடுநாள் நிற்கவில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்று 1902இல் எமில் ஃபிஷரும் ஹாஃப்மைஸ்டரும் ஒரே நாளில், ஒரே மாநாட்டில், தனித்தனியே எடுத்துரைத்த பின்னரே காட்சி தெளிவாயிற்று.

முடிச்சு அவிழ்ந்தது கேம்பிரிட்ஜில். புரதத்தோடு அசிட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றும் என்பது அந்நாளில் வழக்கமான வகுப்பறைச் சோதனை. ஒருமுறை மாணவர் செய்தபோது நிறம் வரவில்லை. ஆசிரியராயிருந்த ஹாப்கின்ஸ் அதை மாணவனின் கவனக்குறைவென்று தள்ளிவிடவில்லை. துருவிப் பார்த்ததில், நிறத்தைத் தந்தது அசிட்டிக் அமிலமன்று, அதில் கலந்திருந்த கிளையாக்சிலிக் அமிலம் என்னும் மாசு என்பது வெளிப்பட்டது; தூய அமிலத்தில் நிறம் வராததில் வியப்பில்லை. அடுத்த வினா, புரதத்தில் எந்தப் பகுதி இந்நிறத்தைத் தருகிறது என்பது. அதைத் தேடிச் சென்று, 1901இல் கோல் என்பவருடன் இணைந்து டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஜெலட்டின் அச்சோதனையில் ஊதா நிறம் காட்டுவதில்லை. அதில் டிரிப்டோஃபேன் அறவே இல்லை!

1906இல் ஹாப்கின்சும் எடித் வில்காக் அம்மையாரும் சுண்டெலிகளுக்கு மக்காச்சோளப் புரதமான சீனை மட்டும் கொடுத்தனர். அதிலும் டிரிப்டோஃபேன் இல்லை. எலிகள் விரைவில் மடிந்தன. சிறிது டிரிப்டோஃபேன் சேர்த்தபோது நெடுநாள் வாழ்ந்தன, ஆயினும் வளரவில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஆஸ்பார்னும் மெண்டலும் லைசின் என்னும் இன்னொன்றையும் சேர்த்து, 1914இல் எலிகளை வளர வைத்தனர். 1935இல் ரோஸ் என்பவர் திரியோனினைக் கண்டறிந்ததோடு அவ்வரிசை நிறைவு பெற்றது. புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் ஒன்பதை மனித உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும்.

ஒன்று குறைந்தால் ஏன் எல்லாம் வீணாகின்றன? ஈய எழுத்துகளைக் கையால் அச்சுக்கோத்த காலத்தை அறிந்த வாசகர்கள் இதை எளிதில் உணர்வர். எழுத்துப் பெட்டியில் 'ம' தீர்ந்துவிட்டால் மற்ற எழுத்துகள் குவிந்து கிடந்தும் பக்கம் முடியாது. உயிரணுவினுள் ரைபோசோம் என்னும் அச்சுக்கோப்பாளர் நிலையும் அதுவே. அங்கே இன்னொரு கடுமையும் உண்டு. கொழுப்பைச் சேமிப்பதுபோல் அமினோ அமிலங்களை உடல் சேமித்து வைப்பதில்லை. கோக்கப்படாத எழுத்துகளை உருக்கிவிடுகிறது. அவற்றின் நைட்ரஜன் கல்லீரலில் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. இச்சுழற்சியை 1932இல் கிரெப்சும் ஹென்சலைட்டும் வெளிப்படுத்தினர். எஞ்சிய கரிமப் பகுதி எரிபொருளாகிறது. ஆகவே ஜெலட்டினை மட்டும் உண்பவருக்கு, உண்டதும் எரிந்துபோகிறது. குறைந்த ஒன்றைப் பெறத் தன் தசையையே உடல் கரைக்கிறது.

தசை என்றதும் நிலையாய் நிற்கும் கட்டடம் என்று எண்ணுகிறோம். 1930களின் இறுதியில் ஷோன்ஹைமர், கனத்த நைட்ரஜனால் அடையாளமிட்ட லியூசினை எலிகளுக்கு ஊட்டி, அது சில நாட்களிலேயே உடல் முழுவதுமுள்ள புரதங்களில் இடம்பெற்றிருக்கக் கண்டார். வளர்ந்து முடிந்த மனிதனின் உடலும் நாள்தோறும் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் வரை புரதத்தைச் சிதைத்துப் புதிதாக்குகிறது. நாம் உண்ணும் புரதத்தைப்போல் அது பன்மடங்கு. கட்டடம் என்பதைவிட ஆறு என்பதே பொருந்தும்.

தார்சேயின் சாறு நஞ்சன்று என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். பிற உணவோடு சேரும்போது ஜெலட்டின் உடற்புரதம் கரைவதை ஓரளவு தடுக்கிறதென மியூனிக்கில் ஃபாய்ட் 1872இல் காட்டினார். சாற்றோடு ரொட்டியும் பட்டாணியும் கிடைத்த ஏழைக்கு அதனால் தீங்கில்லை. அவருடைய தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டு, 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று சாற்றை வைத்ததே பிழை. மருத்துவமனையில் படுத்திருப்பவர் வேறெங்கும் சென்று உண்ண இயலாதவர் அல்லவா?

இதே பிழை நம் காலத்திலும் நிகழ்ந்தது என்றால் நம்புவது கடினம். 1976, 1977ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க விரும்பியோர் பலர் 'திரவப் புரதம்' என்ற பானத்தை மட்டுமே வாரக்கணக்கில் அருந்தினர். தோலிலிருந்தும் தசைநாரிலிருந்தும் எடுத்த கொலாஜனின் சிதைவே அப்பானம். கடும் பட்டினியோடு தாது உப்புகளின் குறையும் சேர, ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். பலர் இதயத் துடிப்புச் சீர்கெட்டு இறந்தனர். 1841ஆம் ஆண்டின் அறிக்கை நூலகங்களில் இருக்கத்தான் செய்தது.

இக்கதையின் இறுதிப் பகுதி நம் சென்னையில் நடந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி. என். இராமச்சந்திரனுக்கு வயது முப்பது. அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு கொலாஜன் இழைகளைப் பெற்று எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்தார். கோபிநாத் கார்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அவர் வெளியிட்ட விடை: மூன்று சங்கிலிகள் கயிறுபோல் பின்னிய இழையே கொலாஜன். கயிற்றின் நடுவே இடம் மிகக் குறுகியது. சங்கிலி ஒவ்வொன்றிலும் மூன்றாம் இடம்தோறும் யாவற்றிலும் சிறியதான கிளைசினுக்கே அங்கு இடமுண்டு. எலும்புச் சாற்றைக் காய்ச்சிய பிராக்கொன்னோவுக்கு அந்த இனிப்புப் படிகம் கிடைத்ததன் காரணம் 134 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு விளங்கியது. மூன்றிலொரு பங்காக நிறைந்துள்ள அந்தக் கிளைசினை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளவும் வல்லது. ஆக்க இயலாத டிரிப்டோஃபேனோ அச்சாற்றில் இல்லை. அணுக்கள் நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் அவருடைய அமைப்பைக் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கணக்கிடத் தொடங்கிய இராமச்சந்திரன், இராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் 1963இல் வெளியிட்ட வரைபடம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. உலகில் எங்குப் புரத அமைப்பு ஒன்று வரையப்பட்டாலும் அவ்வரைபடத்தோடு ஒப்பிட்டே சரிபார்க்கின்றனர்.

மறுவாரம் அந்த வீட்டுக்குச் சென்றோம். மருத்துவர் தடையேதும் சொல்லவில்லை என்றறிந்து, சூப்போடு முட்டை ஒன்றும் கொடுக்கலாமே என்றோம். "முட்டை சூடாச்சே சாமி" என்றார் அம்மூதாட்டி. நாம் வழக்காடவில்லை. பாசிப்பருப்பையும் ஒரு பிடி அரிசியையும் குழைய வேகவைத்து அந்தச் சூப்பிலேயே கரைத்துக் கொடுங்கள் என்றோம். அதற்கு அடுத்த முறை சென்றபோது முக்காலியில் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணமும் இருந்தது, பாதி காலியாகியிருந்தது.